தொண்டியிலிருந்து வந்த ஐஸ் பெட்டி

தொண்டிப் பக்கம் ஓர் இறால் குட்டையில் எடுத்த தண்ணீரை ஐஸ் பெட்டியில் வைத்து, மடியில் சுமந்தபடியே மாட்டுத்தாவணியில் வந்து இறங்கினேன். மறுநாள் காலை கிருமி வளர்ப்புத் தட்டைத் திறந்தால் நீலப்பச்சைப் புள்ளிகள், நடுவில் மட்டும் கொஞ்சம் அடர்த்தியாக. விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்பதை மரபணு வரிசை பிறகு உறுதிசெய்தது. உப்பு இல்லாவிட்டால் வளரவே வளராத பாக்டீரியா இது.

"அத்தனையும் விஷக் கிருமியா?" என்று அம்மா கேட்டார். இல்லை. கடல்நீரில் வாழும் இந்த இனத்தில் பெரும்பாலானவை மனிதரை ஒன்றும் செய்வதில்லை. டிடிஎச், டிஆர்எச் என்ற நச்சு மரபணுக்களைச் சுமப்பவைதான் பெரும்பாலும் வயிற்றைக் கலக்குகின்றன. தட்டில் பார்த்தால் இரண்டும் ஒரே பச்சை! அதனால்தான் மரபணுத்தொகையையே, அதாவது அதன் டிஎன்ஏ முழுவதையும், எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு குரோமோசோம்கள், ஏறத்தாழ 52 லட்சம் எழுத்துகள். 2003இல் ஜப்பானியர்கள் முழுவதையும் படித்தபோதுதான், செல்லுக்குள் ஊசிபோல் புரதம் செலுத்தும் அமைப்பு இதில் இரண்டு இருப்பது தெரியவந்தது.

இறாலுக்குக் கணக்கே வேறு. அதைக் கொல்லும் நச்சைத் தருபவை பிர்-ஏ, பிர்-பி என்ற இரண்டு மரபணுக்கள்; சுமார் 70,000 எழுத்துகள் கொண்ட பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையம் ஒன்றில் உட்கார்ந்திருக்கும். அந்த வளையம் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது. எனக்கு அச்சம் தருவது அதுதான். அது வந்துவிட்டால், குஞ்சு விட்ட சில வாரங்களிலேயே இறால் செத்துக் குட்டை காலியாகிவிடும்.

நேற்று இரவு 11 மணிக்கு முடிவு வந்தது. படித்த மாதிரிகள் எதிலும் அந்த இரண்டும் இல்லை. விடியும்வரை பொறுக்க முடியாமல் குட்டைக்கார அண்ணனை உடனே அழைத்துவிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.