ஒரே பையனுக்கு இரண்டு ஃபிடே ஐடி

"அன்ரேட்டடுக்கு ஏ பிரிவு கிடையாது. சி பிரிவுக்கு மாத்திக்கோங்க." கௌண்டரில் லேப்டாப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இளைஞர் இதை ஹிந்தியில் சொல்லிவிட்டு எனக்கு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். என் மகன் ஏழு வருஷமாக செஸ் ஆடுகிறான். ரேட்டிங், அதாவது ஆட்டத் திறனுக்கான புள்ளி, 2087. ஏ பிரிவுக்கு 2000 இருந்தால் போதும். அவர் திருப்பிக் காட்டிய திரையில் அவன் பெயர் இருந்தது, பிறந்த வருஷம் இருந்தது, ரேட்டிங் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம். அதாவது அன்ரேட்டட்.

நடந்தது தில்லியில், ஜூன் மாதம், துவாரகா பக்கம் ஒரு ஹோட்டலின் கல்யாண ஹாலில். பத்து சுற்று, சர்வதேச ஓப்பன். மயூர் விஹாரிலிருந்து ப்ளூ லைனில் ஒன்றேகால் மணி நேரம். காலை பத்தரைக்கே போய்விட்டோம். பன்னிரண்டு வரை ரிப்போர்ட்டிங், நாலு மணிக்கு முதல் சுற்று. நேரம் தாராளமாக இருக்கிறது என்று டீ எல்லாம் குடித்துக்கொண்டு மெதுவாகத்தான் வரிசைக்கு வந்தேன்.

தப்பு என்னுடையதுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்றலாகி திருச்சியிலிருந்து தில்லி வந்து மூன்று வருஷம். வருஷா வருஷம் அகில இந்திய செஸ் சம்மேளனப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இந்த ஏப்ரலில் ஆபீஸில் தலைக்கு மேல் வேலை. தெரிந்த தம்பி ஒருவரிடம் ஆதாரைக் கொடுத்து "போட்டுவிடுப்பா" என்றேன். அவர் பழைய பதிவைப் புதுப்பிக்காமல் புதிதாக ஒரு பதிவு போட்டுவிட்டார். பழைய பதிவில் மகன் பெயரும் பின்னால் என் இனிஷியலும். ஆதாரில் என் முழுப் பெயரும் சேர்ந்து வரும். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு ஆள். புது ஆளுக்குப் புது ஃபிடே (உலக செஸ் சம்மேளனம்) ஐடி பிறந்துவிட்டது. ரசீதில் இருந்த அந்த எண்ணைத்தான் நான் நுழைவுப் படிவத்தில் போட்டிருக்கிறேன்.

இனிஷியல் போட்டுப் பழகிய நம்மவர்களுக்கு வடக்கே வந்தால் இந்தத் தொல்லை தீராது. "சர்நேம் க்யா ஹை?" என்று பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள், பேங்கில் கேட்பார்கள். அந்தக் கட்டத்தில் நானே ஒரு இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன், இன்னொரு இடத்தில் ஊர்ப் பெயரை எழுதியிருக்கிறேன். செஸ்ஸிலும் வந்து மாட்டும் என்று நினைக்கவில்லை.

கௌண்டரில் மறுபடி போய் விளக்கினேன். "ஐடி நீங்க குடுத்ததுதானே?" என்றார் அந்த இளைஞர். நான் கொடுத்ததுதான். அதற்கு மேல் அவரோடு என்ன பேச?

காப்பாற்றியது ஈரோட்டிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா. மகளை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போட்டிக்குப் போகிறவர். பையில் சின்ன ரைஸ் குக்கரும் பருப்புப் பொடி டப்பாவும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. "ஏனுங்ணா, பழைய ஐடி நம்பர் இருக்குதுங்களா? இந்தப் பசங்ககிட்டப் பேசி ஆகாதுங்க, நேரா சீஃப் ஆர்பிட்டரைப் பாருங்க. போறப்ப பர்த் சர்டிஃபிகேட்டும் பழைய டோர்னமெண்ட் சர்டிஃபிகேட்டும் எடுத்துட்டுப் போயிருங்க" என்றார். (சீஃப் ஆர்பிட்டர் என்றால் தலைமை நடுவர்.) பழைய எண் மகனுக்கு மனப்பாடம். சர்டிஃபிகேட்டுகள் வீட்டு பீரோவில். மனைவி வேலைக்குப் போயிருந்தாள், போட்டோ எடுத்து அனுப்ப ஆள் இல்லை. மகனை அந்த அம்மாவின் பொறுப்பில் விட்டுவிட்டு மறுபடி மெட்ரோ.

வெளியில் 44 டிகிரி. வீட்டைத் திறந்து, ஃபைலை எடுத்து, ஃபேன்கூடப் போடாமல் திரும்பினேன். ஹாலுக்கு வந்தபோது மணி இரண்டு. முதல் சுற்றுக்கான பேரிங், யார் யாரோடு ஆடுவது என்ற பட்டியல், சுவரில் ஒட்டியாகிவிட்டது. அதில் அவன் பெயர் இல்லை.

சீஃப் ஆர்பிட்டர் நிதானமான மனிதர். ஃபிடே தளத்தில் இரண்டு ஐடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அங்கே பிறந்த வருஷம் மட்டும்தான் இருக்கும், தேதி இருக்காது. அதனால் பர்த் சர்டிஃபிகேட்டை மட்டும் நம்பாமல், மகனிடம் கடைசியாக ஆடிய போட்டி எது, யாரிடம் தோற்றாய் என்று கேட்டார். அவன் யாரிடம் தோற்றான் என்பதோடு எந்த நகர்த்தலில் தோற்றான் என்பதையும் சொல்ல ஆரம்பித்தான். அவர் சிரித்துவிட்டார். வெள்ளைத் தாளில் ஒரு உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டு பழைய ஐடியை ஏற்றினார். ஆனால் இரண்டாவது சுற்றிலிருந்துதான். முதல் சுற்றுக்கு அரைப் புள்ளியாவது கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். முடியாது என்றார். பூஜ்யம்.

எங்களுக்கு அது ஒரு ஆட்டம், அவ்வளவுதான். நார்ம் (கிராண்ட்மாஸ்டர் போன்ற பட்டத்துக்கான தகுதி) துரத்துகிறவர்கள் கவனமாக இருங்கள். நார்முக்குப் பொதுவாக 9 ஆட்டம் வேண்டும். 9 சுற்றுப் போட்டியில் இப்படி ஒன்று போனால் ஊருக்கு டிக்கெட் போட வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் எல்லோரும் உள்ளே ஆட, நாங்கள் இருவரும் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அங்கிருந்த அப்பாக்கள் குகேஷ் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். 2019 ஜனவரியில் இதே தில்லியில் நடந்த ஓப்பனில்தான் அவர் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 12 வயது 7 மாதம் 17 நாள். மிக இளைய கிராண்ட்மாஸ்டர் என்ற கர்யாக்கினின் அப்போதைய சாதனையைத் தவறவிட்டது வெறும் 17 நாளில். மகன் என்னைப் பார்த்து, "அவங்க அப்பா ஃபார்ம் எல்லாம் சரியா ஃபில்அப் பண்ணியிருப்பார்ல?" என்றான். பதில் சொல்லவில்லை.

இரண்டாவது, மூன்றாவது சுற்று பிரச்சினை இல்லாமல் போயின. முதல் சுற்றில் பூஜ்யம் என்பதால் கீழே இருந்த ஆட்கள்தான் வந்தார்கள். நாலாவதில் தோல்வி.

ஐந்தாவது சுற்றில் 2380 ரேட்டிங்கில் ஒரு ஐஎம் (இண்டர்நேஷனல் மாஸ்டர்). பெற்றோருக்கு உள்ளே அனுமதி இல்லை. அவன் போனை நான் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். (ஸ்மார்ட் வாட்சையும் கழற்றி வாங்கிவிடுங்கள். ஆடும் இடத்தில் அது கையில் இருப்பது தெரிந்தால் ஆட்டமே போய்விடும், 'அணைத்துதான் வைத்திருந்தேன்' என்பதெல்லாம் செல்லாது.) நடந்ததை அவன் ஸ்கோர்ஷீட்டை விரித்து அப்புறம் சொன்னான்.

31-ஆவது நகர்த்தலில் ஒரே நிலை மூன்றாவது தடவை வருகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அப்படி வந்தால் டிரா கோரலாம். குதிரையை நகர்த்தினான், கிளாக்கை அமுக்கினான், டிரா என்று ஆர்பிட்டரைக் கூப்பிட்டான். அவர் தலையை ஆட்டிவிட்டார். நகர்த்தி கிளாக்கை அமுக்கிய பிறகு முறை எதிராளியுடையது, கோர முடியாது. நம் நகர்த்தலால் அந்த நிலை வருவதாக இருந்தால், அதை முதலில் ஸ்கோர்ஷீட்டில் எழுத வேண்டும். காயைத் தொடக் கூடாது. தொட்டுவிட்டாலே அந்த முறைக்கான உரிமை போய்விடும். எழுதிவிட்டு கிளாக்கை நிறுத்தி ஆர்பிட்டரைக் கூப்பிட வேண்டும். கோரிக்கை தப்பு என்றால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும். இதெல்லாம் அவனுக்குத் தெரியாததல்ல. கை முந்திக்கொண்டுவிட்டது.

எதிராளி உஷாராகி வேறு வழியில் போனார். ஒரு சிப்பாய் போயிற்று. யானை எண்ட்கேம். அந்த ஐஎம்முக்கு நேரம் குறைவு. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி சேர்கிறதே என்று யானையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தார். 58-ஆவது நகர்த்தலில் மறுபடி அதே மூன்றாவது தடவை. இந்தத் தடவை மகன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டானாம். அப்புறம் ஒரு கையை மட்டும் எடுத்து, எழுதி, கிளாக்கை நிறுத்தி, ஆர்பிட்டருக்காக அதே கையைத் தூக்கினான். ஆர்பிட்டர் ஸ்கோர்ஷீட்டை வைத்துக்கொண்டு இருவர் முன்னாலும் காய்களை மறுபடி நகர்த்திப் பார்த்தார். டிரா.

அந்த ஸ்கோர்ஷீட் என்னிடம் இருக்கிறது. 31-க்கு எதிரே ஒரு சின்னக் கிறுக்கல். 58-இல் பேனா அழுந்தி தாள் லேசாகக் கிழிந்திருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்பதால் அவனுக்கு கே (ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு நகரும் என்பதற்கான பெருக்கெண்) 40. அந்த ஒரு டிராவுக்கே ஏறக்குறைய 14 ரேட்டிங் புள்ளி.

மீதிச் சுற்றுகளில் வெற்றியும் தோல்வியும் கலந்து வந்தன. ஒன்பது ஆட்டத்தில் 5 புள்ளி. என்னைப் போல் ஐடி குழப்பத்தில் மாட்டியவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஆர்பிட்டர் சரி என்று சொல்லிவிட்டார் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். முடிவுகள் ஏறும் செஸ் ரிசல்ட்ஸ் தளத்தின் பட்டியலில் பெயரைத் தட்டி எந்த ஐடி ஏறியிருக்கிறது என்று தினம் பாருங்கள். மூன்றாவது நாள் பார்த்தபோது எங்களுக்கு மறுபடி புது எண் வந்து உட்கார்ந்திருந்தது. யாரோ பழைய ஃபைலை ஏற்றியிருக்கிறார்கள். அப்படியே ரேட்டிங்குக்குப் போயிருந்தால் அந்த 14 புள்ளியும் பூஜ்யக்காரனுக்குப் போயிருக்கும். அன்றே ஓடிப் போய் மாற்றச் சொன்னேன். கடைசி நாள் பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தபோதுகூட நான் போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 1 பட்டியலில் பழைய ஐடியில் ரேட்டிங் ஏறிவிட்டது. இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லி மூன்று மெயில் போட்டிருக்கிறேன். நேற்று ராத்திரியும் தேடிப் பார்த்தேன். என் முழுப் பெயரைச் சுமந்துகொண்டு அந்த இன்னொரு பையன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். இதுவரை ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.