மரியஸ்டைன் மாதாவுக்கு ஒரு நடை நேர்த்தி

அம்மா நேர்த்தி வைத்தது மடு மாதாவுக்கு. நிறைவேற்ற வேண்டிய நான் இருப்பதோ சுவிஸில், பாசலில். மகன் ஏழாம் மாதத்திலேயே பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த நேரம், "சுவாசப்பை இன்னும் வளரேல்ல, பிறகும் ஓடியாடக் கஷ்டப்படலாம்" என்று டாக்டர்மார் சொன்னதை நான் போனில் சொல்ல, வவுனியாவில் இருந்த அம்மா அந்த இடத்திலேயே மாதாவை நினைத்து, "பிள்ளை தப்பினால் அவனையும் கூட்டிக்கொண்டு உன்னட்ட நடந்து வருவம்" என்று சொல்லிவிட்டா. பிள்ளை தப்பினான். பயணம்தான் சரிவரவில்லை. லீவு கிடைத்தால் காசில்லை, காசிருந்தால் லீவில்லை, பிறகு கொரோனா. கடைசியில் அம்மாவின் முழங்காலும் போக, அவவே வழி சொன்னா: "அங்கையும் மலையில ஒரு மாதா இருக்கிறாவாமே. அவவிட்டப் போ. ஆனால் நடந்து போகோணும், பஸ்ஸில போகக்கூடாது."

நாங்கள் சைவக்காரர். ஆனாலும் வன்னியில் இருந்தவர்களுக்கு மடுவைப் பற்றி விளங்கப்படுத்தத் தேவையில்லை. சண்டைக்காலத்தில் ஆயிரக்கணக்கில் சனம் அந்தக் கோயில் வளவுக்குள்தான் கொட்டில் போட்டுக் கிடந்தது. அதற்குள் எங்கள் குடும்பமும் ஒன்று. அந்தத் தாயே ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையில் இருந்து காட்டுக்குள் ஓடி வந்தவதானே. 2008இல் திரும்பவும் ஓடினா, தேவன்பிட்டிக்கு.

பாசலில் பத்தாம் நம்பர் ட்ராம் ஏறி ஃப்ளூ ஸ்டேஷனில் இறங்கினோம். 1888இலேயே ரயில் வந்து சேர்ந்த இடம் அது. வெளியே மரியஸ்டைன் போகிற மஞ்சள் பஸ் நின்றது. மகன் பஸ்ஸைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் பார்க்காததுபோல் நடந்தேன். இவர் சோற்றுப் பார்சலும் மாமியுமாகக் காரில் நேரே மேலே வருவதாக ஏற்பாடு.

நேர்ப் பாதையில் ஏறினால் கோயில் கிட்டத்தான். அது நேர்த்திக்குக் காணாது என்று எனக்குப் பட்டது. அதனால் லாண்ட்ஸ்க்ரோன் கோட்டையைச் சுற்றிக்கொண்டு போய், இறங்கும்போது காட்டு வழியால் ஃப்ளூவுக்கே வருவது என்று வட்டமாகத் திட்டம். முதல் நாள் இடியோடு கொட்டிய மழையில் காட்டுப்பாதை களியாகக் கிடந்தது. ஒரு கால் வைத்தால் அரைக் கால் பின்னால் வழுக்கியது. எனக்கு மூச்சு முட்டியது, மகனுக்கு முட்டவில்லை. நின்று நின்று "அம்மா, கெதியா வாங்கோ" என்று கூப்பிட்டான். அரைவாசியில் எல்லைக் கல் ஒன்று நின்றது. அந்தப் பக்கம் பிரான்ஸ். ஒரு காலத்தில் எல்லை கடக்க எங்கடை ஆட்கள் பட்ட பாடு என்ன! இப்போது பாசிபிடித்த ஒரு கல், காவலுக்கு ஒரு நத்தை.

கோட்டை இடிந்த கோட்டை. 1813-14இல் நெப்போலியனுக்கு எதிராக வந்த படைகள் உடைத்தது. 1970களில் அதற்குள் குரங்குகளை வளர்த்தார்களாம் என்று மகனுக்குச் சொன்னேன். இப்போது ஒன்றுகூட இல்லையா என்று அவனுக்குப் பெரிய ஏமாற்றம். ஆஞ்சநேயர் முதலே வந்து இடம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் என்று எனக்குத் திருப்தி. அங்கிருந்து காடும் வயலுமாக நடக்க, மரங்களுக்கு மேலால் கோயில் கோபுரம் தெரிந்தது. "தாயே" என்று வாய் தானாகச் சொன்னது.

வாசலுக்குப் போனால் நல்லூர்த் தேர் முடிந்த கூட்டம்! ஆகஸ்ட்டில் எங்கடை சனத்தின் யாத்திரை நாள். ஜெர்மனி, பிரான்ஸ் நம்பர் தகட்டோடு கார்கள். இவர் பார்க்கிங் தேடி மூன்று தரம் வளையம் வந்து, மாமியை இறக்கிவிட்டு, காரை ஊர் எல்லையில் விட்டுவிட்டு வேர்த்து விறுவிறுத்து வந்தார். போதாததற்கு, கும்பிடப் போகிறவர்களை மறித்து நோட்டீஸ் கொடுக்க ஒருவர். கிளிநொச்சியில் காணித் துண்டு, தவணை முறையில் கட்டலாமாம். "அக்கா, இண்டைக்கு மட்டும்தான் இந்த விலை" என்கிறார், மாதாவின் வாசலில் நின்றுகொண்டு! நல்லாய்ப் பேசியிருப்பேன், நேர்த்தி நாள் என்று வாயை அடக்கினேன். மாமி அடக்கவில்லை.

மாதா இருப்பது பெரிய கோயிலில் இல்லை, அதன் கீழே பாறைக் குகைக்குள். நீண்ட நடையும் படிகளுமாக இறங்க வேண்டும். வழி நெடுகச் சுவரில் நன்றிக் கற்கள். ஒன்றின்மேல் ஒன்றாக, கைப்பலகை அளவில், ஜெர்மனிலும் பிரெஞ்சிலும். சிலவற்றில் ஆண்டும் ஒரு நன்றிச் சொல்லும் மட்டும். என்ன நடந்தது, யார் தப்பினார் என்று ஒன்றுமில்லை. நான் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே இறங்கினேன்.

பின்னால் தள்ளுகிறார்கள். முன்னால் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்து ஜெர்மனியில் உள்ள ஆருக்கோ வீடியோவில் மாதாவைக் காட்டுகிறார். மெழுகுதிரியை என் தலைமுடிக்குக் கிட்டப் பிடித்தபடி ஒரு அன்ரி. எரிச்சல் எரிச்சலாக வந்தது. திடீரென்று கூட்டம் ஒதுங்க, நேரே மாதா. குழந்தை யேசு கையில். தலைக்கு மேலே கரும்பாறை. வெள்ளையில் பொன் இழையோடிய உடுப்பு. எங்கள் அம்மனுக்குச் சாத்துவதுபோல இந்தத் தாய்க்கும் காலத்துக்கு ஏற்ப உடுப்பு மாற்றிச் சாத்துகிறார்கள்.

மகனுக்கு வரும் வழியில் கதை சொல்லியிருந்தேன்: மாடு மேய்க்க வந்த தாய் வெயிலுக்கு இந்தக் குகையில் கண்ணயர, பிள்ளை பாறையில் இருந்து பள்ளத்தில் விழுந்தது, தாய் ஓடிப்போய்ப் பார்த்தால் பிள்ளை கீறலும் இல்லாமல் விளையாடிக்கொண்டிருக்கிறது, ஒரு பெண் தன்னை ஏந்தினா என்று சொன்னது. 1541இலும் இதே பாறையால் விழுந்த ரைக்கென்ஸ்டைன் பிரபு ஒருவர் உயிரோடு எழும்பினார், நாங்கள் ஏறிவந்த கோட்டை அந்தக் குடும்பத்தினுடையது. மகன் மாதாவையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என் கையைச் சுரண்டி, "அந்தப் பிள்ளையை இவதான் பிடிச்சவவோ?" என்றான்.

"ஓம்" என்று சொல்லவேண்டும். குரல் வரவில்லை. கண்ணாடிப் பெட்டியும் அந்த வயர்களும் என் சுண்டுவிரல் பருமனில் அவன் கையும் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டன. அம்மாவுக்காக, மாமிக்காக, வேலைக்காக என்று மனதில் எழுதி வைத்திருந்த வேண்டுதல் ஒன்றும் வாயில் வரவில்லை. அழுதேன். மெழுகுதிரி அன்ரி என் முதுகைத் தடவிவிட்டா. அவவைத் திட்டியதற்கு மாதா மன்னிக்கட்டும்.

மேலே வந்து அம்மாவுக்குப் போன் எடுத்தால் முதல் கேள்வி, "மாதா என்ன நிறச் சீலை?" சொன்னேன். "அப்ப சந்தோஷமாத்தான் இருந்திருக்கிறா" என்றா.

புல்லில் இருந்து சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போது இவர் இந்த மடத்துத் துறவிகளின் கதையைச் சொன்னார். 1874இல் மாநில அரசு மடத்தைக் கலைத்துவிட்டது. பிரான்ஸுக்குப் போனார்கள், பிறகு ஆஸ்திரியா. அங்கே நாசிகள் துரத்த 1941இல் அகதிகளாகத்தான் தங்கள் சொந்த இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். மடம் முறைப்படி திரும்பக் கிடைத்தது 1971இல். "முப்பது வருஷம் எஃப் பெர்மிட் மாதிரி" என்று இவர் சிரித்தார். அகதிகளைத் தற்காலிகமாக இருக்க விடுகிற அனுமதி அது. எங்களுக்குப் பன்னிரண்டு வருஷத்தோடு முடிந்தது. அந்தத் தாய் ஏன் இத்தனை சனத்தைக் கூப்பிடுகிறா என்று எனக்கு அப்போது விளங்கியது.

மாமியும் இவரும் காருக்குப் போக, நானும் மகனும் காட்டு வழியால் இறங்கினோம். அவன் ஓடினான். வேரைத் தாண்டி, கல்லைத் தாண்டி, "மெதுவா" என்று நான் கத்தக் கத்த ஓடினான். நான் ஸ்டேஷனுக்கு வந்து சேர ட்ராம் கதவு மூடிப் புறப்பட்டுவிட்டது.

"உங்களாலதான் போச்சு!" என்று பிளாட்பாரத்தில் நின்று அடித்தொண்டையால் கத்தினான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கத்தட்டும். அந்தச் சத்தத்துக்குத்தானே தாயே இந்த நேர்த்தி எல்லாம்.