இந்த வாரம்: ஏற்காடு மலைப்பாதையும் டைக்ஸ்ட்ராவும்

அல்காரிதம் பாடத்துக்காக எங்கள் குழு, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பெட்ரோல் குறைவாகச் செலவாகும் பாதையைக் கண்டுபிடிக்கும் ப்ராஜெக்ட் செய்கிறது. அடிவாரம் வழியாகப் போனால் 20 கொண்டை ஊசி வளைவுகள். இன்னொன்று குப்பனூர் வழி. டைக்ஸ்ட்ரா என்ற கணினி அறிஞர் 1959-ல் வெளியிட்ட, செலவு குறைந்த பாதையைக் கண்டுபிடிக்கும் முறையைத்தான் ப்ரோகிராமாக எழுதினோம்.

இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம்தானே என்று அந்தச் சாலைகளின் செலவுக்கு நான் மைனஸ் மதிப்பு கொடுத்திருந்தேன். விடை தப்பாகவே வந்தது. ஒருவர் எழுதிய ப்ரோகிராமை இன்னொருவர் சந்தேகப்பட்டு, இரண்டு நாள் சரியாகப் பேசிக்கொள்ளக்கூட இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் தட்டுவடை செட் கடையில் நின்றபோது, குழுவில் அதிகம் பேசாத தோழி எண்ணெய் படிந்த காகிதத்தைத் திருப்பி மூன்று வட்டம் போட்டாள். “ஒரு ஊரை முடிச்சாச்சுன்னு டிக் பண்ணிட்டா டைக்ஸ்ட்ரா திரும்பிப் பார்க்காதுடா. அப்புறம் மைனஸ் ரோடு வந்தா அதுக்கு எப்படித் தெரியும்?” புத்தகத்தில் நான்கு முறை படித்தும் மண்டையில் ஏறாத விஷயம், அங்கே நின்றபடியே புரிந்துவிட்டது.

சரி என்று பெல்மேன்-ஃபோர்டு என்ற இன்னொரு முறைக்கு மாற்றினோம். மெதுவானதுதான், ஆனால் மைனஸைத் தாங்கும். தப்பு என்னுடையது என்று தெரிந்தும் யாரும் குத்திக்காட்டவில்லை. அது எனக்குப் பெரிய விஷயம். அந்தக் காகிதத்தை நோட்டுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன்.