சிமெண்ட் வரி குறைந்தது, ஃப்ளாட் விலை?

ஆபீஸில் கூட வேலை பார்க்கும் பெண் பெரும்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட் பார்த்து வைத்திருக்கிறாள். 2025 செப்டம்பர் 22-ல் சிமெண்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதம் ஆனதும் நேரே என்னிடம் வந்தாள். "அக்கா, இதை பில்டர் நமக்குக் குறைச்சுத்தானே ஆகணும்? அதுக்கு ஏதோ செக்‌ஷன் இருக்காமே?"

இருக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 171. இன்றைக்கு அதை வைத்துக்கொண்டு நாக்குகூட வழிக்க முடியாது.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது, கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு 18% வரி. நிலத்துக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 12%. பதிலுக்கு, சிமெண்ட், கம்பி, டைல்ஸ், லிஃப்ட் எல்லாவற்றுக்கும் கட்டிய வரியை பில்டர் இன்புட் கிரெடிட்டாக, அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முந்தைய எக்சைஸ் (உற்பத்தி வரி) காலத்தில் சிமெண்ட்டுக்கும் கம்பிக்கும் கட்டிய எக்சைஸ் அவர் கைக்குத் திரும்பி வராது. புதிதாக மிச்சமாகும் இந்தப் பணத்தை விலையில் குறைத்துக் கொடு என்றது 171. 2019 ஏப்ரல் 1 முதல் வரி 5%, 45 லட்சத்துக்குள் அடங்கும் சின்ன வீட்டுக்கு 1%. கிரெடிட் போயிற்று. அப்போது பாதியில் இருந்த புராஜெக்ட்டுகள் மட்டும் விரும்பினால் பழைய முறையில் தொடரலாம் என்று விட்டார்கள்.

அந்தப் பழைய முறையில் சிக்கியவர் என் சித்தப்பா. 2016-ல் மடிப்பாக்கத்தில் புக் செய்தார். 2017 ஜூனில் பில்டரிடமிருந்து கடிதம்: ஜூலை 1-க்குள் பாக்கி முழுவதையும் கட்டிவிடுங்கள், தவறினால் 12% வரி. மூன்றாவது மாடி ஸ்லாப்கூடப் போடவில்லை அப்போது! இப்படிப் பலரும் கேட்கிறார்கள் என்று புகார் வந்து, நிதி அமைச்சகமே ஜூன் 15 அன்று அறிக்கை விட்டது: வரிச்சுமை குறைவதன் பலனை பில்டர்கள் விலையிலோ தவணையிலோ குறைக்க வேண்டும் என்று. சித்தப்பா அதை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் நீட்டினார். வந்த பதில்: "ஜி.எஸ்.டி. பலன் விலையிலேயே சேர்க்கப்பட்டுள்ளது." 2016-ல் போட்ட அக்ரிமென்ட் விலையில், 2017-ல் வந்த வரியின் பலன் எப்படி ஏறி உட்கார்ந்தது என்று நான் இன்னும் வியந்துகொண்டிருக்கிறேன்.

வாங்கினவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கணக்கு கேட்டார்கள். கணக்கு வரவில்லை. கடைசி டிமாண்ட் லெட்டரில் சதுர அடிக்கு 30 ரூபாய் கழித்திருந்தது. கூடவே ஒரு தாள்: இனி இது பற்றி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டால்தான் சாவி.

30 சரியா, 130 ஆக இருந்திருக்க வேண்டுமா? பர்ச்சேஸ் லெட்ஜர் பில்டரிடம் இருக்கும்போது யார் சொல்ல முடியும்? புகார் போனால்கூட, பில்டரின் விற்பனை வரவில் கிரெடிட் எத்தனை சதவீதம், ஜி.எஸ்.டி.க்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்றுதான் அதிகாரிகள் ஒப்பிட்டார்கள். 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் செக்‌ஷன் செல்லும் என்றது. வீட்டு விஷயத்தில் இந்த ஒப்பீடு சரிவராது, புராஜெக்ட்டின் மொத்த மிச்சத்தை மொத்தப் பரப்பால் வகுக்க வேண்டும் என்றும் சொன்னது. நியாயம்தான். கிரெடிட் வேலை நடக்கும் வேகத்தில் வரும், பணம் விற்பனை நடக்கும் வேகத்தில் வரும். நல்ல தீர்ப்பு, தாமதமான தீர்ப்பு. 2025 ஏப்ரல் 1 முதல் புதுப் புகாரே வாங்குவதில்லை. பழையவை மட்டும் ஓடுகின்றன.

ஆக, ஆபீஸ் பெண் பேரம்தான் பேச வேண்டும். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வரிக்கு முன் சிமெண்ட் மூட்டை 300 என்றால் மிச்சம் 30 ரூபாய். சைட் இன்ஜினியர்கள் சொல்வது சதுர அடிக்கு சுமார் 0.4 மூட்டை, அதாவது 12 ரூபாய். அதுவும் முழுசாக இல்லை. ஸ்லாபும் தூணும் ரெடிமிக்ஸில்தான், அதாவது பிளான்ட்டில் கலந்து வரும் கான்கிரீட்டில்தான் போடுகிறார்கள். ரெடிமிக்ஸுக்கு முன்பும் 18, இப்போதும் 18. சிமெண்ட்டுக்குக் கட்டிய 28-ஐ பிளான்ட்காரர் அப்போதே கிரெடிட் எடுத்துவிட்டார். செங்கல் கட்டு, பூச்சு வேலைக்கு வாங்கும் மூட்டையில்தான் நிஜ மிச்சம். ஆயிரம் சதுர அடிக்கு ஐந்தாறாயிரம் தேறினால் அதிகம்.

அவள் கேட்டே விட்டாள். விலையில் கை வைக்க முடியாது, வேண்டுமானால் பால்கனிக்கு கிரில் போட்டுத் தருகிறேன் என்றாராம் பில்டர். கிரில்லை வாங்கிக்கொள், அக்ரிமென்ட்டில் எழுதி வாங்கு என்றேன்.