டெக்கில் என்ன வேலை? கப்பலுக்குப் போக நினைக்கும் மலையகப் பிள்ளைகளுக்கு

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் "மகன் கப்பல்ல" என்றால் அடுத்த கேள்வி சம்பளம்தான். அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. ஏஜென்ட்மாரும் சொல்வதில்லை. கப்பலில் டெக் (மேல்தள வேலையும் கப்பலைச் செலுத்துவதும்), எஞ்சின், சமையல் என்று பிரிவுகள் உண்டு. இந்தப் பதிவு டெக்கைப் பற்றியது மட்டும்.

கப்டனுக்கு அடுத்தவர் சீஃப் ஒஃபிசர். சரக்கும் டெக் ஆட்களும் அவர் பொறுப்பு. செகண்ட் ஒஃபிசர் பயணப் பாதையையும் வரைபடங்களையும் பார்ப்பார். உயிர்காப்பு, தீயணைப்புச் சாமான்கள் பெரும்பாலும் தேர்ட் ஒஃபிசர் கையில். இவர்களுக்குக் கீழே போசன் (டெக் ஆட்களின் தலைவர்), ஏ.பி. (தேர்ந்த மாலுமி), ஓ.எஸ். (சாதாரண மாலுமி). புதிதாகப் போகிறவர் ஓ.எஸ். அல்லது டெக் பயிலுனர். காலையில் சீஃப் ஒஃபிசர் சொல்லும் வேலையைப் போசன் ஆளுக்காள் பிரித்துக் கொடுப்பார். தோட்டத்தில் பிரட்டுக் களத்தில் கங்காணி செய்வது மாதிரிதான். ஆனால் போசன் சுத்தியலோடு தானும் கூட இறங்குவார்.

கடலில் வாட்ச், அதாவது முறைக் காவல், நான்கு மணித்தியாலம், பிறகு எட்டு மணித்தியாலம் ஓய்வு. வழக்கமாக 8–12 தேர்ட் ஒஃபிசரோடு, 12–4 செகண்டோடு, 4–8 சீஃபோடு. ஒவ்வொருவருக்கும் ஓர் ஏ.பி. சட்டப்படி எந்த 24 மணித்தியாலத்திலும் குறைந்தது 10 மணித்தியாலம் ஓய்வு வேண்டும், 7 நாளில் 77. அந்த 10ஐ இரண்டு துண்டுக்கு மேல் பிரிக்கக்கூடாது, ஒரு துண்டு 6 மணித்தியாலமாவது இருக்க வேண்டும். ஓய்வுப் பதிவேட்டைச் சோதனைக்கென்று அழகாக நிரப்பி நீட்டுகிறவர்களும் உண்டு. எடுக்காத ஓய்வுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரவு வாட்சில் ஏ.பி.யின் முதல் வேலை, சுற்றிலும் கடலைக் கண்காணிப்பது. கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. உங்கள் வலப்பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு தெரிந்து, அதன் திசை மாறாமலே கிட்ட வந்தால், பெரும்பாலும் அது உங்கள் பாதையைக் குறுக்கே வெட்டும் கப்பல். விலக வேண்டியது நீங்கள்தான். முடிவெடுப்பது ஒஃபிசர். எந்தத் திசையில் என்ன தெரிகிறது என்று உடனே சொல்வது ஏ.பி. "அவரும் பார்த்திருப்பார்" என்று பேசாமல் நிற்பதுதான் பெரிய தப்பு. நுவரெலியா மூடுபனியைக் கண்டவர்களுக்குக் கடல் பனி புதிதில்லை. ஆனால் அங்கே காதும் வேலை செய்ய வேண்டும். ஓடும் கப்பல் 2 நிமிடத்துக்குள் ஒருமுறை நீண்ட ஊதல் கொடுக்கும். நங்கூரமிட்டது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும்.

சுக்கான் பிடிக்கும்போது மூன்று படி. ஒஃபிசர் "போர்ட் டென்" என்றால் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லுங்கள். பிறகு சக்கரத்தை இடப்பக்கம் திருப்புங்கள். காட்டி 10 பாகையில் நின்றதும் "வீல் இஸ் போர்ட் டென்" என்று அறிவியுங்கள். காதில் சரியாக விழாவிட்டால் திரும்பக் கேளுங்கள், வெட்கமில்லை. ஊகித்துத் திருப்பினால் கப்பல் கரையில் ஏறும்.

டெக் வேலையில் ஆளைக் கொல்வது கயிறு. துறைமுகத்தில் கட்டும்போது ஒரு அணி முன்னே, இன்னொரு அணி பின்னே நிற்கும். முதலில் மெல்லிய எறிகயிறு கரைக்குப் போகும். அதன் பின்னால் பெரிய கயிற்றின் கண் (நுனி வளையம்) போய்க் கரைக் கட்டையில் விழும். எறிகயிற்றின் முடிச்சுக்குள் தூரம் போகட்டும் என்று இரும்பு நட்டு வைப்பார்கள். அது கரையில் நிற்கிறவன் தலையை உடைக்கும், வைக்கவே கூடாது.

பிறகு வின்ச்சில் (கயிறு இழுக்கும் இயந்திரத்தில்) இழுத்து இறுக்குவது. கயிற்றை வின்ச்சின் பக்க உருளையில் சுற்றி இழுத்தால், கடைசியில் அதை டெக்கிலுள்ள இரட்டைக் கட்டைக்கு மாற்ற வேண்டும். அந்த இடைவெளியில் இழுவையைத் தாங்குவது ஸ்டொப்பர் என்ற சின்னக் கயிறு. நைலோன் போன்ற கயிற்றுக்குக் கயிற்று ஸ்டொப்பர், கம்பி வடத்துக்குச் சங்கிலி ஸ்டொப்பர். மாற்றிப் போட்டால் வழுக்கும் அல்லது வெட்டும். ஸ்டொப்பரைக் குறுக்கு மறுக்காகச் சுற்றிப் பிடித்து, வின்ச்சை மெதுவாகத் தளர்த்தி, பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே உருளையிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்ததும் கட்டையில் எட்டு வடிவில் சுற்றுங்கள். உருளையில் கயிற்றை வழுக்கவிட்டால் சூட்டில் உருகி ஒட்டும். ஒட்டியது திடீரென்று விடுபடும்போது வால் பிடித்திருப்பவன் கை உள்ளே போகும். உருளையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நில்லுங்கள்.

நைலோன் நன்றாக நீளும். அறுந்தால் நீண்ட அத்தனையும் ஒரே நொடியில் திரும்பி வரும். நேர் கோட்டில் மட்டுமல்ல, வளைத்துப் போட்ட இடங்களில் விசிறியாக வீசும். முன்பெல்லாம் டெக்கில் ஆபத்துப் பகுதியை வரைந்து காட்டுவார்கள். அதை நம்பிக் கோட்டுக்கு வெளியே நின்றவர்களும் அடிபட்டார்கள். கயிறு இறுகும் நேரம் அந்தத் தளம் முழுவதும் ஆபத்துத்தான். கயிற்று வளையத்துக்குள் கால் வைக்கவே வேண்டாம்.

நங்கூரம் போடும்போது பிரேக்கில் நிற்பவர் பெரும்பாலும் போசன். சங்கிலியை ஷாக்கிள் கணக்கில் சொல்வார்கள், ஒரு ஷாக்கிள் 27.5 மீட்டர். ஒரு ஷாக்கிளும் அடுத்ததும் சேரும் இணைப்புக்குப் பக்கத்து வளையங்களுக்கு அடித்த வெள்ளைப் பூச்சைப் பார்த்து எத்தனை போனது என்று பிரிட்ஜுக்கு (கப்பலைச் செலுத்தும் அறைக்கு) சொல்ல வேண்டும். ஆழமான இடத்தில் பிரேக்கைத் திறந்து விழவிட்டால் சங்கிலி நிற்காமல் ஓடும், பிரேக் கருகும். மோட்டாரில் மெதுவாக இறக்குவதுதான் முறை. துரு பறக்கும், கண்ணாடி போடுங்கள்.

மிச்ச நாளெல்லாம் துரு தட்டிப் பெயின்ட் அடிப்பது. நன்னீரால் உப்பைக் கழுவாமல் பூசினால் பூச்சு கொப்பளித்து உரியும். அவ்வளவுதான் ரகசியம்.

சங்கிலி அறை, பலாஸ்ட் தாங்கி (கப்பலை நிலைப்படுத்தத் தண்ணீர் நிரப்பும் தொட்டி) போன்ற மூடிய இடங்களில் துருவே ஒட்சிசனைத் தின்றுவிடும். அளவுக் கருவி ஒட்சிசன் 20.9 வீதம் காட்டாமல், அனுமதித் தாள் இல்லாமல் இறங்காதீர்கள். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் சுவாசக் கருவி இல்லாமல் பின்னால் குதிக்காதீர்கள். இரண்டாவது சாவு அப்படித்தான் வருகிறது.

அடிப்படைப் பாதுகாப்புக் கோர்ஸில் உயிர்காப்பு அங்கி போட்டு உயரத்திலிருந்து தண்ணீரில் குதிக்கவும், கவிழ்ந்த மிதவையை நிமிர்த்தவும் வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு நீச்சல் தெரியாது; முதலிலேயே பழகுங்கள். கடலோடிப் புத்தகமான சி.டி.சி. கொழும்பிலுள்ள வணிகக் கப்பற்துறைச் செயலகத்தில் எடுப்பது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயப்படி, வேலை எடுத்துக் கொடுப்பதற்கு ஏஜென்ட் காசு வாங்கக்கூடாது. மருத்துவச் சான்றிதழ், சி.டி.சி., பாஸ்போர்ட் செலவுகள் மட்டும் உங்களுடையவை.

எல்லாவற்றுக்கும் முன்னால், கோர்ஸுக்கு ஒரு சதம் கட்டும் முன்னால், நிறப்பார்வைச் சோதனை செய்யுங்கள். புள்ளிகளுக்குள் இலக்கம் கண்டுபிடிக்கும் அந்தச் சோதனைக்குச் சில நிமிடம் போதும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவரை இரவு வாட்சில் நிற்க விடமாட்டார்கள். சமையல் பிரிவுக்கு அந்தக் கண்டிப்பு இல்லை.