இந்த ஜனவரியில் எனக்குப் புத்தகம் இல்லை

நவம்பர் பிறந்துவிட்டால் எழுதுகிற ஆட்களைப் பார்த்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "கண்காட்சிக்கு என்ன வருது?" ஜனவரியில் நடக்கிற சென்னைப் புத்தகக் கண்காட்சியைத்தான் கேட்கிறார்கள், தீபாவளிக்குத் துணி எடுத்தாச்சா என்று கேட்கிற மாதிரி. இந்தத் தடவை ஒன்றும் வரவில்லை என்றதும் ஒரு நண்பர் பதறிவிட்டார். "ஏன் சார், உடம்பு கிடம்பு சரியில்லையா?" உடம்புக்கு ஒன்றுமில்லை, சுகர் கொஞ்சம் ஏறியிருக்கிறது, அது தனிக்கதை. புத்தகம் வராதது நானாக எடுத்த முடிவு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கம் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

மதுரையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்குப் பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடுகிற வேலை. அதனால் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 200 பக்கச் சிறுகதைத் தொகுப்பு, விலை 250 ரூபாய் என்று வையுங்கள். எழுதியவனுக்கு ராயல்டி பத்து சதவீதம் என்றால் ஒரு பிரதிக்கு 25 ரூபாய். 300 பிரதி போனால் 7,500 ரூபாய். என் மாதிரி ஆளின் தொகுப்பு 300 போய்விட்டால் பதிப்பாளரே போன் போட்டு வாழ்த்துவார். அந்த 7,500ம் ஒழுங்காகக் கணக்குப் பார்த்து, ஒழுங்காக அனுப்புகிற பதிப்பாளர் அமைந்தால்தான். எனக்கு இப்போது அமைந்திருப்பவர் நல்லவர், வருஷக் கடைசியில் விற்பனைக் கணக்கைத் தாளில் எழுதியே அனுப்புவார். முன்பு அமைந்த ஒருவரிடம் கணக்குக் கேட்டபோது, "இலக்கியத்துல வந்து கணக்கெல்லாம் கேக்குறீங்களே தம்பி" என்று வருத்தப்பட்டார். கணக்குப் பிள்ளையிடமே அதைச் சொன்னார் பாருங்கள்.

1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தில் 80 க்யூக்யூபி என்று ஒரு பிரிவு. புத்தக ராயல்டியில் 3 லட்சம் ரூபாய் வரை வரி போடாமல் கழித்துக்கொள்ள விடுகிற பிரிவு. எங்கள் ஆபீசுக்கு ரிட்டர்ன் போட வருகிற டாக்டர், ஜவுளிக்கடைக்காரர், கிரானைட் பார்ட்டி யாருக்கும் அது வேண்டியதில்லை. அதைப் பயன்படுத்தத் தகுதியுள்ள ஒரே ஆள் நான்தான், எனக்கோ கழிக்கிற அளவுக்குத் தொகை இல்லை. 3 லட்சம் ராயல்டி வர என் விலையில் 12,000 பிரதி விற்க வேண்டும். அந்தச் சட்டத்தை எழுதிய அதிகாரி யாரையோ மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பார், தமிழ்ச் சிறுகதைக்காரனை இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

முன்பெல்லாம் முதல் பதிப்பு என்றால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி அச்சடிப்பார்கள். இப்போது பிஓடி, அதாவது வேண்டும்போது வேண்டிய அளவு மட்டும் அச்சடிக்கிற முறை, வந்த பிறகு நூறு, இருநூறு என்று தேவைக்கு அடித்துக்கொள்கிறார்கள். பதிப்பாளரைக் குறை சொல்ல மாட்டேன், விற்காத கட்டுகளைக் குடோனில் கரையான் அரிப்பதைவிட இது தேவலை. ஆனால் 1920இல் பாரதியார் போட்ட திட்டத்தை நினைத்தால் மனசு ஒரு மாதிரி ஆகிவிடும். தன் எழுத்துகளையெல்லாம் 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சடிக்க வேண்டும், தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போல அவை வீட்டுக்கு வீடு போய்விடும் என்று நம்பி, பணம் கேட்டுச் சுற்றறிக்கை விட்டார். பணம் சேரவில்லை. அடுத்த வருஷம் செப்டம்பரில் ஆளே இல்லை. மண்ணெண்ணெய் ரேஷனுக்கு வந்து அருகியும் போய்விட்டது, நாம் இன்னும் 200 பிரதியில் நிற்கிறோம்.

இது தெரிந்துதானோ என்னவோ, நமக்குப் பிடித்த எழுத்தாளர்களில் பாதிப்பேர் வேறெங்கோ சம்பாதித்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறார்கள். சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. வண்ணதாசனுக்கு ஸ்டேட் பாங்க். பூமணிக்குக் கூட்டுறவுத் துறை. நாஞ்சில் நாடன் கம்பெனி சரக்கை விற்க ஊர் ஊராக அலைந்தவர். இமையம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அசோகமித்திரன் 1966இல் ஜெமினி ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்த பிறகு எழுத்தை நம்பியே காலம் தள்ளினார், அந்தத் தைரியத்துக்கு வீட்டில் இருப்பவர்களும் சேர்ந்து விலை கொடுக்க வேண்டியிருக்கும். ஆக, ஆபீஸ் போய்க்கொண்டே எழுதுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் பேலன்ஸ் ஷீட் டேலி ஆன சந்தோஷத்தோடு வந்து உட்கார்ந்தால் கதை நன்றாகவே வரும். என்னைத் தின்றது எழுத்து இல்லை, புத்தகம் போடுகிற வேலை. இரண்டும் ஒன்று என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

உதாரணத்துக்கு ஒன்று. நான் கம்ப்யூட்டரில் யூனிகோடில் அடித்து அனுப்புவேன். லேஅவுட் செய்பவர் இன்னும் பேஜ்மேக்கர் என்கிற பழைய சாஃப்ட்வேரில் இருந்தால், பழைய எழுத்துருவுக்கு அதை மாற்ற வேண்டும். மாற்றும்போது எங்கேயாவது கொம்பு தனியாகக் கழன்று முந்தின வரியின் கடைசியில் போய் நிற்கும், எழுத்து அடுத்த வரியில் இருக்கும். 'ஸ்ரீ' வருகிற இடத்தில் ஒரு கட்டம். கதையில் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை இருந்தால் அது தமிழ் எழுத்தாக மாறி என்னவோ மந்திரம் மாதிரி நிற்கும். இதையெல்லாம் பிடித்து, பென்சிலில் வட்டம் போட்டு, ஸ்கேன் பண்ணி அனுப்பினால், அவர் பத்தைத் திருத்தும்போது பதினொன்றாவது புதிதாக முளைத்து வரும். மூன்றாவது ப்ரூப் வரும்போது சொந்தக் கதையே கசந்துபோகும், வல்லினம் மிகுமா மிகாதா என்பதைத் தவிர கதையில் வேறொன்றும் கண்ணில் படாது.

அப்புறம் அட்டை. அப்புறம் முன்னுரை கேட்டு ஒரு பெரியவர் பின்னால் அலைவது. அப்புறம் வெளியீட்டு விழா: ஹால் வாடகை, மைக், டீ, பிஸ்கட், சால்வை எல்லாம் நம் செலவு. வெளியிட ஒருவர், பெற்றுக்கொள்ள ஒருவர், பேச நாலு பேர், அதில் இரண்டு பேர் பின்னட்டை மட்டும் படித்தவர்கள். வந்திருப்பவர்களில் சொந்தக்காரர்கள் போக மீதி எழுத்தாளர்கள், அவரவர் விழாவுக்கு நான் போயிருப்பேன், அந்த மொய் திரும்பி வருகிறது. எங்கள் வீட்டு பீரோவில் சால்வை மட்டுமே ஒரு தட்டு நிறைய இருக்கிறது. மதுரை வெயிலுக்குச் சால்வையை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஜனவரியில் லீவு போட்டு, நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துக்குப் போய், ஸ்டாலில் பேனாவோடு உட்கார வேண்டும். பக்கத்து ஸ்டாலில் ஒரு பிரபலத்துக்கு வரிசை நிற்கும். நம்மிடம் வருகிறவர் "பாத்ரூம் எந்தப் பக்கம் சார்?" என்பார். இதற்கு நடுவில் ஃபேஸ்புக்கில் தினமும் ஒரு பதிவு, ஸ்டால் எண், அட்டைப்படம், யாராவது நாலு வரி நல்லதாகச் சொன்னால் ஸ்கிரீன்ஷாட். பிப்ரவரியில் டெலிகிராமில் புத்தகத்தின் பிடிஎஃப் வந்துவிடும். அதைப் படித்துவிட்டு ஒருவர் எனக்கே அனுப்பி, "அருமை சார், 74ஆம் பக்கம் தெளிவா இல்ல, நல்ல காப்பி இருக்கா?" என்று கேட்டார். கோபப்படுவதா, படித்தாரே என்று கும்பிடுவதா தெரியவில்லை.

என் மகள் இந்த வருஷம் பிளஸ் ஒன், காமர்ஸ் குரூப். கணக்குப் பதிவியலில் இருப்பாய்வு, அதாவது ட்ரயல் பேலன்ஸ், சரியாக வரவில்லை என்று ஒரு ராத்திரி நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள், நான் ப்ரூப்பில் இருந்தேன், நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். எங்கள் வீட்டு நாளைக்கு எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும், அடுத்த வாரம் தெருமுனை டியூஷனில் சேர்ந்துவிட்டாள். மாசம் 1,500. என் மனைவி ஒன்றும் கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "ஏங்க, வீட்டுல ஒரு கணக்குப்பிள்ளைய வச்சுக்கிட்டு டியூஷனுக்குப் பணம் கட்டுறோம், உங்க புக்கு ராயல்டி அஞ்சு மாசத்துக்குத்தான் காணும்." 7,500ஐ 1,500ஆல் வகுத்தால் ஐந்துதான். அவள் காமர்ஸ் படித்தவள் இல்லை.

ஆகவே இப்போதைய ஏற்பாடு இது. ராத்திரி எட்டிலிருந்து ஒன்பது வரை மகளோடு பற்று, வரவு. பத்தரைக்குத் தூக்கம், டாக்டர் சுகருக்கு மாத்திரையைவிட அதைத்தான் முதலில் எழுதிக்கொடுத்தார். எழுதுவது விடிகாலையில், வந்தால் வரும், வராத நாளில் படிப்பேன். வருஷத்துக்கு ஒரு புத்தகம் என்ற கணக்கு கிடையாது. விழா கிடையாது. பதிப்பாளர் என்னிடம் காசு கேட்டால் புத்தகம் கிடையாது, புதிதாக எழுத வருகிற தம்பி தங்கைகளுக்கும் இதைத்தான் சொல்வேன், முப்பதாயிரம் நாற்பதாயிரம் கொடுத்து முதல் புத்தகத்தைப் போடாதீர்கள், அந்தப் பணத்துக்குப் புத்தகம் வாங்கினால் பத்து வருஷம் படிக்கலாம்.

பதிப்பாளரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "தம்பி, ஒரு வருஷம் கண்ணுல படலைன்னா மறந்துருவாங்க, பார்த்துக்கங்க" என்றார். வாஸ்தவம்தான். ஆனால் ஜனவரியில் பேசப்பட்ட புத்தகத்தை ஏப்ரலில் யார் பேசுகிறார்கள்? "மறந்தா மறக்கட்டும் அண்ணே" என்றேன். "சரி, அப்ப ஸ்டால் அக்கவுண்ட்ஸ மட்டுமாவது வந்து பாருங்க, ஜிஎஸ்டிக்காரங்க ஒரு நோட்டீஸ் அனுப்பிருக்காங்க" என்றார். அதற்குக் கட்டணம் உண்டு என்று சொல்லியிருக்கிறேன். தமிழ் இலக்கியத்தில் எனக்கு வரப்போகிற பெரிய வருமானம் அதுவாகத்தான் இருக்கும்.

எல்லோரும் இப்படி ஒதுங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஸ்டாலில் உட்கார்ந்து வாசகர்களோடு பேசுவதில் உற்சாகம் கிடைக்கிறவர்கள் உண்டு, அவர்கள் புத்தகம் வரட்டும், வாங்கிப் படிக்கிறேன். எனக்கு அது வரவில்லை, அவ்வளவுதான்.

எழுதுவதை நிறுத்தவும் இல்லை. கீழமாசி வீதி பலசரக்கு மண்டி ஒன்றில் வேலை பார்த்த பழைய கணக்குப்பிள்ளை ஒருவரைப் பற்றி நீளமாக ஒன்று போய்க்கொண்டிருக்கிறது, எப்போது முடியும் என்று கேட்காதீர்கள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் அந்தத் தெருவில் சிட்டா என்கிற அன்றாடக் கணக்கும் பேரேடும் எழுதியவர்கள், அல்லது அப்பாவோ தாத்தாவோ எழுதிப் பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வரி போடுங்கள். ராத்திரி கடை அடைக்கும்போது கல்லாவில் பத்து ரூபாய் குறைந்தால் அதை யார் தலையில் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.