கிழிந்த உறை

மலக்குடல் புற்றுநோய்க்கு நான் தனியாக அறுவை செய்யத் தொடங்கிய காலம். அன்று கட்டி வெளியே வந்துவிட்டது, ரத்த இழப்பும் குறைவு, நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள், வெட்டியெடுத்த திசுவைச் சோதிக்கும் நோயியல் பிரிவுக்குக் கூப்பிட்டார்கள். நான் எடுத்த குடல், ஓரங்களில் மை பூசப்பட்டு மேசைமீது கிடந்தது. "இந்த இடத்தைப் பாருங்க டாக்டர்" என்றார் நிபுணர். சுற்றியிருந்த கொழுப்பில் ஆழமான கிழிசல். உள்ளே தசை தெரிந்தது. கிழித்தது என் கை.

அந்தக் கொழுப்புதான் மீசோரெக்டம். நிணநீர் முடிச்சுகள் இருப்பதும், புற்று முதலில் பரவுவதும் அதற்குள்தான். அதை உறைபோல மூடிய மெல்லிய சவ்வுக்கு வெளியே, நூலிழைபோன்ற திசுக்களைக் கண்ணால் பார்த்தபடி வெட்டிக்கொண்டே இறங்கினால் முழுப் பொதியாக வந்துவிடும். கையை விட்டு நெம்பிப் பிரித்தால் கிழியும், மிச்சம் இடுப்புக் குழிக்குள் தங்கிவிடும். அங்கே புற்று மறுபடி முளைத்தவர்களுக்கு உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. அந்த வலியைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக்கில் அறுவை மருத்துவர் பில் ஹீல்ட் இந்த முறையை 1982-இலேயே எழுதிவிட்டார். எடுத்த பொதியைச் சுற்றி வெட்டிய விளிம்பில் புற்று இருந்தால் நோய் பெரும்பாலும் திரும்பும் என்று நோயியல் நிபுணர் ஃபில் குவர்க்கின் குழு 1986-இல் காட்டியது. ஆனால் ஒருவருடைய கைத்திறன் ஒரு நாட்டின் வழக்கமாவது எப்படி? இதற்கு எனக்குப் பிடித்த பதில் நார்வே. 1993-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அறுவை மருத்துவர்களுக்கும் நோயியல் நிபுணர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எல்லா நோயாளிகளையும் ஒரே பதிவேட்டில் சேர்த்தார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அதன் முடிவுகளை நாட்டுச் சராசரியோடு வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். இந்த முறையில் நடந்த அறுவைகள் 1994-இல் 78 சதவீதம், 1997-இல் 92. அதே இடத்தில் நோய் திரும்பியது பழைய முறையில் 12 சதவீதம், புதியதில் 6. எல்லா வேறுபாட்டையும் கத்தியின் கணக்கில் எழுத முடியாதுதான். ஆனாலும் புது மருந்து எதுவும் இல்லாமல் வந்த மாற்றம் இது.

தன் முடிவைத் தானே எண்ணிப் பார்க்காத மருத்துவர் தான் நன்றாகச் செய்வதாகவே நம்புவார். நானும் அந்த மேசைக்குப் போகும்வரை அப்படித்தான் நம்பினேன்.

அன்று மாலை நோயாளியிடம் நடந்ததைச் சொன்னேன். பிறகு எங்கள் பதிவேட்டில் உறையின் நிலை என்ற கட்டத்தில், என் பெயருக்கு நேரே, 'முழுமையற்றது' என்று எழுதினேன்.